அடக்கவிலை

ஆறு மணிக்கு முன்பே ஆர்லிஸ் படம் எடுத்துவிடுவாள்.
எதிர்ப் பம்பின் உயரப் பலகை,
அதில் சிவப்பாய் மூன்று எண்கள்,
ஓரத்தில் அன்றைய செய்தித்தாளை விரித்துப் பிடித்திருக்கும்
அவளது கையுறைக் கட்டைவிரல்.
தேதி தெரிய வேண்டும் என்றிருந்தார் வக்கீல் குபியாக்.

விஸ்கான்சினின் வடகோடி. ஜனவரி.
விட்ட மூச்சு புருவத்திலேயே உறையும் ஊர்.
ஊருக்கு ஒரு சாலை, சாலைக்கு இரண்டு பம்ப்.
ஒன்று இவளுடையது.
மற்றதற்கு எண்பது ஊர்களில் கிளை;
எழுபத்தொன்பதில் அள்ளியதை
இங்கே கொண்டுவந்து கொட்டுகிறது,
இவள் மூழ்கும்வரை.

லாரி வந்து ஊற்றும்போதே
கேலன் இரண்டு டாலர் எழுபத்தொன்று.
எதிர்ப் பலகையில் இரண்டு ஐம்பத்தெட்டு.
பதின்மூன்று சென்ட்.
ஒரு மிட்டாய்கூட வராது அதற்கு.
அந்தப் பதின்மூன்றில்தான்
இரவுப் பையனை நிறுத்தினாள்,
காப்பி இயந்திரத்தை விற்றாள்,
கடைவாய்ப் பல்லைப் பிடுங்காமல் விட்டாள்.

அடக்கம் என்கிறோம்.
கொள்முதலுக்கும் அதுதான் சொல்,
குழிக்கும் அதுதான்.

குபியாக்கின் அலுவலகம் பல் மருத்துவர் மாடியில்.
கீழே துளைக்கும் சத்தம்.
"மலிவாய் விற்பதைச் சட்டம் தொடாது அம்மா.
அடக்கத்துக்குக் கீழே, அடுத்தவனை ஒழிக்க விற்றால்
இந்த மாநிலத்தில் கேட்க இடமிருக்கிறது.
தடையுத்தரவு கேட்கலாம்.
நட்டஈடு, ஒன்றுக்கு மூன்றாய்.
இல்லையென்றால் நாளுக்கு இவ்வளவு என்று."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஆனால் அவர்கள் சொல்வார்கள்,
அந்தம்மாதான் முதலில் இறக்கினாள்,
ஈடுகொடுக்க நாங்களும் இறக்கினோம் என்று.
கண்ணீருக்கு ரசீது கிடையாது.
படம் எடுங்கள்."

நாளுக்கு இவ்வளவு.
அந்தச் சொல்லை வண்டியில் ஏற்றி வீடுவரை ஓட்டினாள்.
இதுவரை அவள் நாட்களுக்கு
யாரும் விலை சொன்னதில்லை.

பத்தொன்பதாம் படத்தில் பாதிரியாரின் பிக்கப்.
இருபத்திரண்டில் பள்ளிப் பேருந்து.
இருபத்தாறில் சொந்தத் தங்கை டார்லா,
குழாயைப் பிடித்தபடி முதுகு காட்டி.
"ஓரத்தை வெட்டிவிடலாமா?"
"வெட்டினால் அது சாட்சியில்லை," என்றார் குபியாக்.

முப்பத்தோராம் நாள் இரவெல்லாம் பனி.
பலகை வெள்ளைச் சுவர்.
எண் இல்லை, சென்ட் இல்லை,
சட்டத்துக்குக் காட்ட ஒன்றுமே இல்லை.
கேமராவைத் தாழ்த்தியபடி நின்றாள்.

எதிர்க் கடையின் கதவு திறந்தது.
லைல் ப்ரோக்னோ. அங்கே மேலாளர்;
எங்கிருந்தோ வரும் தொலைபேசி சொல்கிற எண்ணை
நீளக் கோலால் மாட்டுகிறவன்.
இவளைப் பார்க்கவில்லை.
கோலை உயர்த்தித் தட்டினான்.
இரண்டு. பொத்தென்று ஒரு பாளம்.
ஐந்து.
எட்டு.
உள்ளே போய்விட்டான்.

மார்ச்சில் நீதிபதி இடைக்காலத் தடை தந்தார்.
எதிர்ப் பலகை இரண்டு எண்பத்தொன்பதுக்கு ஏறியது.
ஊர் வாய் திரும்பியது:
ஆர்லிஸ் கோர்ட்டுக்குப் போய்
நம் பெட்ரோலில் கை வைத்துவிட்டாள்.
தேவாலயத்தில் அவள் பெஞ்சில் இடம் தாராளம்.
நட்டஈடு இன்னும் காகிதத்தில்.
டார்லா வந்தாள், பத்து டாலருக்குப் போட்டாள்,
பருவநிலை பற்றிப் பேசினாள்.

ஏப்ரலில் ஒருநாள் சீருடை இல்லாமல் லைல்.
டாங்கை நிரப்பினான்.
நோட்டுகளை எண்ணி வைத்துவிட்டு
போகாமல் நின்றான்.
"அந்தப் படத்தில் நான் இருக்கிறேனா?"

ஆர்லிஸ் மீதியைக் கொடுத்தாள்.
"கோல் மட்டும்தான்."